உலர் அடுப்பில் இடமில்லாத நாள்

உப்பு சலிப்பதற்கென்றே எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் சம்பளம் வாங்கினார் என்று சொன்னால் என் மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு உப்பு அளவு அச்சடித்த டப்பாவில் வந்து இறங்குகிறது. எங்களுக்கு ஒரு மனுஷியின் கையிலிருந்து வந்தது. அவரை எல்லாரும் உப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியரும் அக்கா என்றே அழைத்தார்.

நான் அங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்துமூன்று வயது. எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி அலுத்துப்போய் வந்தவள். கூட இருந்தவர்கள் எல்லாம் நேற்றுத்தான் கல்லூரியை விட்டு வந்த குழந்தைகள். அந்த எரிச்சலிலேயே எனக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். குடுவையை ஓசையோடு வைப்பேன், கதவை அடித்துச் சாத்துவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போவதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

நாங்கள் செய்த வேலை இதுதான். எலும்பு உடைந்தால் தானே கூடிவிடும். விபத்திலோ, கட்டியை வெட்டி எடுக்கும்போதோ ஒரு துண்டே போய்விட்டால் கூடாது. நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் புது எலும்பு வளர்வதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்துக்குச் சாரம் என்று பெயர். செல்கள் அதற்குள் நுழைந்து, அதைப் பற்றிக்கொண்டு எலும்பாக வளர வேண்டும். வளர வளரச் சாரம் கரைந்து போய்விட வேண்டும்.

உப்பு அக்காவின் கணவர் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். நான் சேர்ந்த முதல் வாரமே அக்கா என்னிடம் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரும் சாரம்தான் கட்டறாரு, பத்து மாடிக்கு. நான் கட்டறது சட்டைப் பட்டன் அளவு. ஆனா வேலை முடிஞ்சா அவரு திரும்பப் போய் அவுக்கணும். என்னோடது தானே கரைஞ்சு போயிடும். இப்பச் சொல்லு, யாரு கெட்டிக்காரங்க?"

எட்டு வருடம் பாடம் நடத்தியவள் நான். இவ்வளவு சுருக்கமாக அதை யாருக்கும் விளக்க என்னால் முடிந்ததில்லை.

உப்பு எதற்கென்றால், ஓட்டைகளுக்கு. சின்ன அச்சில் உப்பை நெருக்கமாக நிரப்பி, ஈரம் போக ஒரு ராத்திரி உலர் அடுப்பில் வைப்போம். எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்துப் பொடியைப் பிளாஸ்டிக் போன்ற ஒரு கரைசலில் கலந்து அதன்மேல் ஊற்றுவோம். காய்ந்து இறுகியதும் இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போடுவோம். உப்பு கரைந்து ஓடிவிடும். உப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை. உப்புக்கல் என்ன அளவோ ஓட்டையும் அதே அளவு. தப்பான அளவில் நாலு கல் விழுந்தால் அன்றைய வேலை பாழ்.

அக்காவின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு தராசு, மேலே தகரக் கூரையைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பித்தளைச் சல்லடைகள். மேல் சல்லடையில் நிற்பது பெரியது, அடித்தட்டில் விழுவது தூசி, நடுவில் தங்குவதுதான் எங்களுக்கு. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சல்லடையின் விளிம்பை உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி மூன்று தட்டு. காலை முழுவதும் இதேதான். அறைக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்கும் எனக்கு. இப்போது நினைத்தாலும் அந்த மூன்று தட்டு காதில் விழுகிறது. அந்த நாட்களுக்காக ஏங்குகிறேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அங்கே வருவதற்கு முன் மருந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மாத்திரைப் பொடி சலித்தவர் அவர். ஒருநாள் அந்தப் பிரிவுக்கு இயந்திரம் வந்தது, இவர் வெளியே வந்தார். எங்களிடம் ஒப்பந்த வேலை. வருடா வருடம் ஒரு பழுப்பு உறையில் நீட்டிப்புக் கடிதம் வரும். அது வரும் மாதம் மட்டும் அக்கா சிரிக்கமாட்டார். கடிதம் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுப்பார்.

எங்கள் பேராசிரியருக்கு 'பிளஸ் மைனஸ்' என்று பெயர். எந்த எண்ணைச் சொன்னாலும், "பிளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு?" என்பார். எத்தனை பிள்ளைகள் என்று இவர் விசாரிக்க, ஒருவர் இரண்டு என்று சொன்னதற்கும் அப்படியே கேட்டார் என்று ஒரு கதை உண்டு. நல்ல மனிதர். ஆனால் சட்டதிட்டத்தில் கறார். உலர் அடுப்பின் கதவில் அவரே கைப்பட எழுதி ஒட்டியிருந்தார்: இதில் சாப்பாட்டைச் சூடு பண்ணுகிறவர் அன்றே வெளியேற வேண்டும். எலும்புக்குள் வைக்கப்போகும் பொருள் காயும் இடத்தில் குழம்பு வாசனை வரக் கூடாது என்பது அவர் நியாயம். அது சரியான நியாயம்தான். அறுபது டிகிரியில் மதியம் வரைக்கும் வைத்தால் சாப்பாடு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் என்பதும் அதே அளவு சரியான விஷயம்.

எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி, செல்கள் சாரத்துக்குள் போக மறுத்தன. மேலே மட்டும் பச்சைப் புல் மாதிரி படர்ந்து நிற்கும். நடுவில் வெட்டிப் பார்த்தால் காலி. ஓட்டைகள் இருந்தன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி இல்லை. அறை அறையாகக் கட்டிவிட்டுக் கதவு வைக்க மறந்த வீடு அது. பொடியின் அளவை மாற்றினேன், கரைசலை மாற்றினேன், உப்பின் அளவை மாற்றினேன். ஒரு தடவைக்கு ஒன்பது சாரம் என்று நாற்பது தொகுதி செய்தும் ஒன்றும் தேறவில்லை.

நாற்பத்தொன்றாவது தொகுதியில் அது நடந்தது. அதைச் செய்த வாரம் முழுக்க மழை. செல் வளர்ப்பவரை நாங்கள் செல் மேடம் என்போம்; செல்களை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியை அவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அவர் வெட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். நடுமையம் வரைக்கும் செல்கள். ஒன்பது சாரத்திலும். அழுத்திப் பார்த்ததில் உறுதியும் கூடியிருந்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அந்த ஆய்வுக்கூடத்தில் நான் குதித்தது அந்த ஒருமுறைதான்.

அதன்பிறகு ஐந்து மாதம் ஒன்றுமே வரவில்லை.

அதே உப்பு, அதே கரைசல், அதே கை. நாற்பத்திரண்டு முதல் ஐம்பத்துமூன்று வரை பன்னிரண்டு தொகுதி. எல்லாவற்றிலும் மேலே புல், உள்ளே காலி. பேராசிரியர் முதலில் வியந்தார். கடைசியில் ஒருநாள் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஒரு தடவை மட்டும் வந்ததை நான் வெளியே சொல்ல முடியாதும்மா. அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள இன்னொரு தடவை வரலேன்னா நாப்பத்தொண்ணை எடுத்துடணும். அதை எடுத்துட்டா உன் ஆய்வேட்டுல என்ன மிச்சம் இருக்கு?"

ஒன்றும் மிச்சமில்லை. அவர் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் எனக்குப் புரிந்தது. எண்களை நான் ஜோடித்தேனா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கீழே சல்லடைச் சத்தம் நின்றுபோனது. அக்கா வெளியே வந்து பார்த்தார். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வார். அன்று ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை இல்லையே என்று அவர்மேலும் கோபப்பட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கூடும் கூட்டம். அக்கா எப்போதும் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அன்று அவர் எழுந்து நின்றார், போகவில்லை.

"சார், நாப்பத்தொண்ணுல நான் எழுதி வெச்சது பொய்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பு நெரப்பின அச்சை ராத்திரி பூரா உலர் அடுப்புல வெச்சேன்னு நோட்டுல எழுதியிருக்கேன். வைக்கல. செல் மேடத்தோட பெட்டில வெச்சேன். மழையா இருந்துச்சு, வெளிய வெச்சா உப்பு தண்ணி விட்டுக்கும். அந்தப் பெட்டி வெதுவெதுன்னு இருக்கே, மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்னு வெச்சேன். அப்புறம் லேபுக்கு கேஸ் சிலிண்டர் வந்துச்சு, இறக்கிக் கையெழுத்துப் போட்டுட்டு மறந்து வீட்டுக்குப் போயிட்டேன். காலைல எடுத்தா உப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பிஸ்கட் மாதிரி இருக்கு. கொட்டிட்டு மறுபடி சலிக்கணும்னா ஒரு நாள் ஆகும். இந்தப் பொண்ணு ஊத்தியே ஆகணும்னு கத்திட்டு இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் காய வெச்சுக் குடுத்துட்டேன்."

செல் மேடத்தின் முகம் வெளுத்தது. ஏனென்றால் அந்த மழை வாரத்தில்தான் அவருடைய பெட்டியில் பூஞ்சை வந்து, மூன்று மாதம் வளர்த்த செல்களை மொத்தமாகக் கொட்டினார். பெட்டியைத் திறந்தது யார் என்று கதவில் காகிதம் ஒட்டி, எல்லாரையும் தனித்தனியாக விசாரித்தார். அக்காவையும் கேட்டார். அக்கா இல்லை என்றார். பழுப்பு உறை வருவதற்கு இரண்டு வாரமே இருந்த சமயம் அது. அந்தப் பெட்டிக்குள் எப்போதும் ஒரு தட்டில் தண்ணீர் இருக்கும், செல்கள் காயாமல் இருக்க. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஈரம். அந்த ஈரத்தில் உப்புக்கற்கள் தொட்டுக்கொண்டிருந்த இடங்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டுகள்தான் பிறகு கரைந்து கதவுகளாகின.

பேராசிரியர் நாற்பத்தொன்றாவது தொகுதியின் நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"எத்தனை மணி நேரம் இருந்திருக்கும்?"

"இருபது சார்."

"பிளஸ் ஆர் மைனஸ்?"

"ஒரு அரை மணி."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் கேட்டார்: "உலர் அடுப்புல ஏன் வைக்கல?"

"இடம் இல்ல சார்."

"ஏன் இல்ல? அன்னிக்கு வேற யாரோட அச்சும் இல்லையே."

அக்கா ஜன்னலைப் பார்த்தார். "ஏதோ இருந்துச்சு சார். ஞாபகம் இல்ல."

எனக்கு ஞாபகம் இருந்தது. மழை வாரம். தினமும் பதினொரு மணிக்கு உலர் அடுப்பின் மேல்தட்டில் என்னுடைய மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பாவைப் படுக்கவைத்து, முன்னால் இரண்டு குடுவையை மறைப்பாக வைப்பேன். வாயைத் திறந்து சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் என் குறிப்பேட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மடிப்பு இன்னும் அதில் இருக்கிறது.

ஐம்பத்துநான்காவது தொகுதியை ஈரத்தில் வைத்துச் செய்தோம். வந்தது. ஐம்பத்தைந்தும் வந்தது, ஐம்பத்தாறும் வந்தது. குழு வந்து பாராட்டிவிட்டுப் போனது. எனக்குப் பட்டம் கிடைத்தது, அங்கேயே வேலையும் கிடைத்தது. கட்டுரையில் முப்பத்தேழு டிகிரி, தொண்ணூற்றைந்து சதவீத ஈரப்பதம், இருபது மணி நேரம் என்று அழகாக எழுதினோம். கடைசி வரியில் தொழில்நுட்ப உதவிக்கு நன்றி என்று அக்காவின் பெயர்.

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. பெட்டியைத் திறந்தது, நோட்டில் பொய் எழுதியது இரண்டும் குற்றம், தானே ஒப்புக்கொண்டதால் மன்னிப்பு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் பொருள் செய்யும் வேலையிலிருந்து எடுத்துக் கண்ணாடி கழுவும் அறைக்கு மாற்றினார்கள். பூஞ்சை உப்பால்தான் வந்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை. சல்லடையைக் குலுக்க ஓர் இயந்திரம் வாங்கினார்கள். அது தடதடவென்று ஒரே மாதிரி ஆடும். தான் கண்டுபிடித்த உப்பை அக்கா அதற்குப்பின் தொடவேயில்லை. ஆறு வருடம் எங்கள் குடுவைகளைக் கழுவிவிட்டு ஓய்வு பெற்றார். அந்த ஆறு வருடமும் என் குடுவைகளை நான் வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினேன். நேரில் கொண்டுபோகத் தைரியமில்லை. மதியச் சாப்பாட்டையும் அன்றிலிருந்து ஆறியபடியேதான் சாப்பிட்டேன்.

பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. போன மாதம்தான் போய்ப் பார்த்தேன்.

இரண்டாவது மாடியில் வீடு. அக்காவின் கணவர் பால்கனியில் உட்கார்ந்து எதிரே எழும்பும் கட்டடத்தின் சாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். "அந்த மூணாவது குழாயப் பாருங்க, கட்டா அது? யாராவது விழுந்து வெச்சாத்தான் தெரியும்" என்றார் என்னிடம், நான்தான் கட்டியது போல. பிறகு அதைச் சொல்லியே தீர வேண்டும் என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டரம்மா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றார். ஒரு நிமிடத்தில் நீ, வா என்று பழையபடி ஆகிவிட்டது. பையிலிருந்து ஒரு சாரத்தை எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பட்டன் அளவு, இப்போது என் ஆய்வுக்கூடத்தில் செய்வது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் பெருசு. யாரு சலிக்கறா?"

"மிஷின்தான்க்கா."

"அதான பார்த்தேன்." அதைத் திருப்பித் தராமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார்.

டீ வந்தது. நான் டம்ளரைத் தொடாமல் சொல்லிவிட்டேன். அந்த அடுப்பில் இருந்தது என் டப்பா. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அக்கா சிரித்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? மேல்தட்டுல உன்னோடது, நீல மூடி. எனக்குத் தெரியாதா? கீழ்த்தட்டுல இருந்தது யாரோடதுன்னு நெனச்சே?"

"கீழ்த்தட்டுல என்னக்கா?"

"என் டப்பா. நானும் தினம் வைப்பேன். ஒரு தட்டு காலியா இருந்தா அச்சை வெச்சிருக்க மாட்டேனா?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஈரப் பெட்டி, பொய்க் கணக்கு, அதுக்கு மேல சோத்து டப்பா வேறன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே என்னை அனுப்பியிருப்பாங்க. நீ எந்திரிச்சு உன்னோடதைச் சொல்லியிருந்தா இன்னொண்ணு யாரோடதுன்னு அவரு தோண்டியிருப்பாரு. எனக்காகத்தான் நீ தலையக் குனிஞ்சுட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் வீட்டுல சொல்லியிருக்கேன், கோவக்காரிதான், ஆனா என் வேலையக் காப்பாத்துன பொண்ணுன்னு."

கீழ்த்தட்டை நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நான் இப்போது தலையை ஆட்டினால் போதும். பத்தொன்பது வருடப் பாரம் இறங்கிவிடும், போதாததற்கு நல்ல பெயரும் கிடைக்கும். அவர் கை என் கைமேல் இருந்தது. ஆசையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

"இல்லக்கா. உங்களுக்காக இல்ல. உங்க டப்பா இருந்ததே எனக்குத் தெரியாது. பட்டம் போயிடுமோன்னு பயந்துட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பால்கனிக்கு வெளியே அவருடைய கணவர் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. அக்கா சாரத்தை மேசைமேல் வைத்து விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். நகர்த்தி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி நகர்த்தினார்.

"சுருக்குன்னுதான் இருக்கு, பொய் சொல்லமாட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். இன்னிக்குச் சொன்னதுல டீதான் ஆறிப்போச்சு. குடு, சூடு பண்ணிட்டு வரேன்."

"வேண்டாம்க்கா. ஆறினதே எனக்குப் பழகிடுச்சு."

"அது என்ன பழக்கம்?"

அதையும் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஒருநாளும் சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிட்டதில்லை என்று. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அது சிரிப்பால் வரவில்லை.

"பைத்தியக்காரி" என்று சொல்லி, என் முன்னால் இருந்த டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும், சூடா" என்று அங்கிருந்தே அதட்டினார். நான் சரி என்றேன்.